சுர்மதோலின் பிறப்பிடம்

ஒரு மூலிகையிலிருந்து புதிய சேர்மம் ஒன்றைப் பிரித்தெடுப்பதற்குத் தாவரம், கரைப்பான், தீர்மானம் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. மலைமூலிகைச் சேர்மங்களின் தலைமை ஆய்வகத்தில் இவற்றுள் தீர்மானமே எப்போதும் முதலில் கிடைத்தது. ஆய்வகத் தலைவர் பேராசிரியர் சுர்மதோவின் எழுபதாம் பிறந்தநாளுக்குள், அவருடைய பெயரைத் தாங்கிய சேர்மம் ஒன்று இயற்கையில் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று அறிஞர் மன்றம் ஓராண்டுக்கு முன்பே ஒருமனதாக முடிவு செய்திருந்தது. இயற்கை இதற்கு மறுப்பேதும் தெரிவிக்கவில்லை.

அதன்படி, கோக்தாஷ் கிராமத்தின் மலைச்சரிவில் வளரும் கவ்ராக் செடியின் வேரிலிருந்து சுர்மதோல் பிரித்தெடுக்கப்பட்டது. கவ்ராக், பெருங்காயத்தின் இனத்தைச் சேர்ந்தது. பல ஆண்டுகள் காத்திருந்து ஒரே ஒருமுறை பூத்து மடிவது. சுர்மதோலோ நிறமற்ற, மணமற்ற, எவ்வளவு குளிரூட்டினாலும் படிகமாக மறுக்கும் ஓர் எண்ணெய். "படிகமாவது சாதாரணப் பொருள்களின் பழக்கம்" என்று தலைவர் அறிக்கையின் முன்னுரையில் குறிப்பிட்டார். அதனை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எலிகள் அமைதியாக இருந்தன. கொடுக்கப்படாத எலிகளும் அமைதியாகவே இருந்தன. தோழர்களின் நலம் கண்டு அவை ஆறுதலடைந்ததாக அறிக்கை விளக்கியது.

சேர்மம் கிடைத்த சரிவு தேசியச் செல்வம் என அறிவிக்கப்பட்டது. வியாழக்கிழமை, பிறந்தநாள் விழாவோடு கூடும் மன்றம் இதனை உறுதி செய்யும். வெள்ளிக்கிழமை காலை நானூறு இரும்புக் கம்பங்களுடன் லாரி புறப்பட்டுச் சரிவு முழுவதையும் வேலிக்குள் அடைக்கும். அச்சரிவில் அறுபத்து மூன்று ஆடுகளை மேய்த்துவந்த துர்திகுல் என்பவருக்கு இச்செய்தி ஒரு தாளில் வந்து சேர்ந்தது. அவருக்கு வேறு மேய்ச்சல் நிலம் இல்லை. ஆடுகளைத் தவிர வேறு பிழைப்பும் இல்லை.

திங்கட்கிழமை காலை அவர் தலைநகருக்கு வந்து, ஆய்வக வாயிலின் அனுமதிச் சாளரத்தின் முன், தோளில் மூட்டையோடு, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரைப் பாக்கணும்?" என்றார் உள்ளிருந்தவர்.

"தலைவரைத்தான். ரெண்டு விஷயம். ஒண்ணு, எங்க மேய்ச்சல் சரிவு. இன்னொண்ணு, போன வருஷம் இங்கேருந்து வந்தவங்க என்கிட்ட வாங்கிட்டுப் போன தண்ணிக் குழாய்."

"விழா வாரங்க. விருந்தாளிக்குச் சீட்டுக் கிடையாது. பணியாளர் உள்ள போகலாம், மாதிரி உள்ள போகலாம். நீங்க பணியாளரா?"

"இல்லீங்களே."

"அப்ப மாதிரி" என்று சாளரத்தார் ஓர் அட்டையை நீட்டினார்.

மாதிரி எண் 614 என்ற அட்டையைச் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு துர்திகுல் உள்ளே சென்றார். உள்ளே நுழையும் எந்த மாதிரியும் முதலில் மூலப்பொருள் கிடங்கில் பதிவு பெற வேண்டும் என்பது விதி. கிடங்குக் காப்பாளர் ரிசோலத் தராசின் தட்டைத் துடைத்துவிட்டு அவரை ஏறி நிற்கச் சொன்னார்.

"எங்க சேகரிச்சது?"

"கோக்தாஷ்."

"எந்த மாசம்?"

"என்னையா? மார்ச்சு மாசம் பொறந்தேன்னு அம்மா சொல்லும்."

"சேகரிச்சவங்க பேரு?"

துர்திகுல் நேர்மையாக யோசித்தார். "மருத்துவச்சி. பேரு ஞாபகம் இல்ல, தங்கச்சி."

"எந்தப் பாகம்? வேரா, இலையா, தண்டா?"

"முழுசாத்தான் வந்திருக்கேன்."

"முழுத்தாவரம்" என்று எழுதிக்கொண்ட ரிசோலத், அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். "ஈரமா இருக்கே?"

"பஸ்ஸு ஒழுகுச்சு."

"ஈரத்தோட உள்ள அனுப்பினா என் தலையைத்தான் உருட்டுவாங்க. மூணு நாள் நிழல்ல உலரணும். வெயில்ல மட்டும் போய் நின்னுடாதீங்க, சத்தெல்லாம் போயிடும்."

"மூணு நாளா? வெள்ளிக்கிழமை வேலி போட வராங்களே!"

"அதுக்குள்ள உலந்துடுவீங்க, பயப்படாதீங்க."

உலர்த்தும் அறையில், கட்டுக்கட்டாகத் தொங்கிய செடிகளுக்கு நடுவே அன்று மாலைவரை அமர்ந்திருந்த துர்திகுல், ரிசோலத் வீட்டுக்குப் புறப்பட்டவுடன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். மாடிப்படிகளில் ஏறி, கதவு திறந்திருந்த முதல் அறைக்குள் நுழைந்தார். அது அறிவியல் செயலர் நெக்மத்தின் அறை. விதிகள் அனைத்தையும் மனப்பாடமாக அறிந்தவரும், அவற்றுள் பாதியை இயற்றியவரும் இவரே.

நெக்மத் அவரை உட்காரச் சொல்லித் தேநீர் ஊற்றினார். நம் பக்கத்தில், விருந்தாளி இன்னும் சற்று நேரம் இருக்க வேண்டுமென்று விரும்பினால் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவோம். நெக்மத் விளிம்புவரை நிரப்பினார். துர்திகுலுக்குப் புரிந்தது, ஆயினும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, அந்தச் சரிவு போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுமில்ல. ஆட்டையெல்லாம் வித்துட்டு நான் எங்க போவேன்? என்கிட்ட வாங்கிட்டு வந்த தண்ணிக் குழாயும் திரும்பி வரல."

"உங்க நெஞ்சுல என்ன எண் போட்டிருக்கு?"

"அறுநூத்திப் பதினாலு."

"மாதிரி. மாதிரி மனுக் கொடுக்க முடியாதுங்க. போன வாரம் ஒரு மாதுளம்பட்டை மனுக் கொடுத்துச்சா? இல்ல. ஒழுங்கா இருந்துச்சு." நெக்மத்தின் குரலில் கனிவு இருந்தது. "குழாய்னு சொன்னீங்களே, அதை வேணா எடுத்துக்கங்க. கடைசி அறையில ஹோசியத்னு ஒரு உதவியாளர் இருக்காங்க, அங்க பயணப்பெட்டியில கிடக்கும். சரிவு அறிவியலோடது. குழாய் உங்களோடது. பாருங்க, யாரும் யாரையும் ஏமாத்தல."

ஹோசியத், சுர்மதோலைத் தம் கைகளால் பிரித்தெடுத்தவர். அதனால் சுர்மதோல் பற்றிய அறிக்கையில் அவர் பெயர் நன்றியுரையின் இறுதியில், மின்பணியாளருக்கு அடுத்து இடம்பெற்றிருந்தது. துர்திகுலின் கதையைக் கேட்டபடியே அவர் மேசைக்கடியிலிருந்து பயணப்பெட்டியை இழுத்தார்.

"குழாய் எதுக்கு வாங்கினாங்க, அண்ணே?"

"அவங்க கண்ணாடிக் குழாய் மலைப்பாதையில உடைஞ்சுபோச்சு. ஊத்துலேருந்து ஆட்டுத் தொட்டிக்குத் தண்ணி விடற குழாய் என்கிட்ட இருந்துச்சு. ரெண்டா வெட்டி ஒரு பாதியைக் கொடுத்தேன். நாப்பது நாள் எங்க வீட்டு முத்தத்துல, வேரைப் பீப்பாயில போட்டு, சாராயத்தை ஊத்தி, அந்தக் குழாய் வழியா எடுக்கறதும் திரும்ப ஊத்தறதுமா இருந்தாங்க."

ஹோசியத்தின் கை பெட்டிமேல் நின்றது. அவருக்கு அச்சாறு கண்ணாடிப் புட்டிகளில்தான் வந்து சேர்ந்தது; இடையில் ஒரு குழாய் இருந்ததை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் மூடியைத் திறந்து, சுருண்டு கிடந்த குழாயை எடுத்துக் கொடுத்தார்.

துர்திகுல் வாங்கியவுடன் திருப்பிக் கொடுத்தார்.

"இது என்னுது இல்ல."

"ஏன்?"

"என்னுது செம்மறிக் குடல் மாதிரி வளையும். இது காஞ்ச கொம்பா இருக்கு." அவர் தம் மூட்டையைத் திருப்பினார். மற்றப் பாதியைக் கயிறாகச் சுற்றி அவர் அம்மூட்டையைக் கட்டியிருந்தார். வெட்டுவாய் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். கத்தி சறுக்கிய சாய்வுவரை அவை பொருந்தின. "என்னுதுதான். ஆனா இதுக்குள்ள இருந்த மெதுமையை யாரோ எடுத்துட்டாங்க. எங்க வெச்சிருக்கீங்க அதை?"

ஹோசியத் நாற்காலியில் அமர்ந்தார்.

எட்டு மாதங்களுக்கு முன்பு, அளவைக் கருவி சுர்மதோலைச் சோதித்துவிட்டு, இது பிளாஸ்டிக்கை இளக்குவதற்குத் தொழிற்சாலைகளில் சேர்க்கும் எண்ணெய் என்றும், ஒற்றுமை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்றும் அச்சிட்டுக் கொடுத்திருந்தது. அத்தாளை அவர் நெக்மத்திடம் கொண்டுபோனார். "கருவி வெளிநாட்டுது. நம்ம மலையை அது எப்பப் பாத்துச்சு?" என்று நெக்மத் அதனைக் கிழித்தார். கண்ணாடியில் வந்த சாற்றுக்குள் பிளாஸ்டிக் எப்படி வந்திருக்கும் என்று ஹோசியத்துக்கும் விடை தெரியவில்லை. அதனால் அவரும் வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணே, உங்க சரிவுல சுர்மதோல் இல்ல."

"பின்ன எங்க இருக்கு?"

"உங்க மூட்டையைச் சுத்தி இருக்கு."

துர்திகுல் மூட்டையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அப்ப வேலி வேண்டாம்னு போய்ச் சொல்லிடலாமா?"

"சொன்னா கேக்கற இடமா இது? செஞ்சு காட்டணும். ரெண்டு குடுவை. ஒண்ணுல உங்க குழாய் மட்டும், செடியே இல்லாம. இன்னொண்ணுல வேர் மட்டும், குழாய் இல்லாம. நாம சொல்றது உண்மைன்னா சுர்மதோல் குழாய்லதான் வரும், வேர்ல வராது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மன்றம் கூடுது. அதுக்குள்ள முடியணும்."

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே, தங்கச்சி?"

"ஆகும். எட்டு மாசமா அந்த எண்ணெயைப் பனியில வெச்சுப் படிகமாகு, படிகமாகுன்னு கெஞ்சியிருக்கேன். அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், அண்ணே."

செவ்வாய்க்கிழமை குடுவைகள் இரண்டும் வெந்நீர்த் தொட்டியில் ஏறின. துர்திகுல் மென்மையான குழாயைத் தம் கத்தியால் விரற்கடை அளவுத் துண்டுகளாக நறுக்கிக் கொடுத்தார். ஆய்வகத்தின் வரலாற்றில் தாவரமின்றி நடத்தப்பட்ட முதல் தாவர ஆய்வு இதுவே ஆகும்.

புதன்கிழமை நண்பகலில், விழாவுக்காகச் சுவர்களுக்குப் பூசிய வண்ணத்தைப் பார்வையிட வந்த நெக்மத் கதவருகே நின்றார். முதலில் குடுவைகளைப் பார்த்தார். பின்பு, மூலையில் தொப்பியை மடியில் வைத்து அமர்ந்திருந்த துர்திகுலைப் பார்த்தார்.

"இந்த மாதிரி ஏன் நடமாடுது? உலத்தற அறையில இல்ல இருக்கணும்?"

"அங்க காத்தோட்டம் பத்தல" என்றார் ஹோசியத். "பூஞ்சை பிடிச்சிடும்."

"பூஞ்சை" என்று துர்திகுலும் தலையசைத்தார்.

நெக்மத் குனிந்து முதற்குடுவையை உற்று நோக்கினார். "இதுல செடி எங்க?"

"கரைப்பானைச் சுத்தம் பண்றேன். விழாவுக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்று நெக்மத் ஒப்புக்கொண்டார். தம் ஆணை ஒன்று நிறைவேறுவதை முதன்முறையாக நேரில் கண்டதால் அவர் சற்று நெகிழ்ந்துபோனார். போகும்போது நின்று, "தலைவருக்குத் தெரியாம ஏதாவது கண்டுபிடிச்சுடாதீங்க. அவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு" என்றார்.

அடுத்த இடையூறு அன்று மாலை நேர்ந்தது. சாற்றிலிருந்து சாராயத்தை விரைவாக நீக்கும் சுழல் ஆவியாக்கி ஆய்வகத்தில் ஒன்றே ஒன்றுதான் ஒழுங்காக இயங்கியது. அதில் மூன்று மூத்த ஆய்வாளர்கள் விருந்தினருக்கான கோன்யாக் மதுவை மேலும் நல்ல கோன்யாக்காக வடித்துக்கொண்டிருந்தனர். ஹோசியத் அரைமணி நேரம் கேட்டார். "தங்கச்சி, இது காத்திருக்காது" என்றனர் அவர்கள். ஆய்வகத்தில் அவ்வாண்டு மிகக் கவனமாக நடத்தப்பட்ட பிரித்தெடுப்பு அதுதான் என்பதை மறுப்பதற்கில்லை.

எனவே வியாழக்கிழமை காலை, திறந்த பீங்கான் தட்டுகளைச் சுடுமணல்மேல் வைத்துச் சன்னலோரம் ஆவியாக்க வேண்டியிருந்தது. துர்திகுல் மண்டியிட்டுத் தொப்பியால் விசிறினார். பத்து மணி ஆயிற்று; தட்டுகளில் இன்னும் ஒரு விரல் உயரம் சாராயம் நின்றது. மேல்தளத்தில் நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது.

"வேகமா விசிறினா தூசி விழும்" என்றார் ஹோசியத்.

"மெதுவா விசிறினா வேலி விழும்" என்றார் துர்திகுல்.

பத்து நாற்பதுக்கு முதல் தட்டின் அடியில் ஒரு துளி எண்ணெயும் இரண்டாவதில் சிறிது பிசினும் எஞ்சின. ஹோசியத் நுண்குழாயால் மூன்று சொட்டுகளை, வெண்பொடி பூசிய ஒரு கண்ணாடித் தகட்டின் அடிவிளிம்பில் வைத்தார்: இடப்புறம் சுர்மதோல், நடுவில் குழாய்ச் சாறு, வலப்புறம் வேர்ச்சாறு. தகட்டைக் கரைப்பானில் நிறுத்தினால் ஈரம் மேலேறும். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரம்வரை அதனோடு ஏறி நின்றுவிடும். ஒரே பொருள் ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஈரம் ஏறப் பதினைந்து நிமிடங்கள் ஆகும். அதனை யாராலும் அவசரப்படுத்த இயலாது. இருவரும் அருகருகே நின்று, ஒரு நிழல் போல ஏறும் அந்த ஈரக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அவர்கள் தகட்டோடும் புற ஊதா விளக்கோடும் மாடியேறி மண்டபத்துள் நுழைந்தபோது தலைவர் பேசிக்கொண்டிருந்தார்.

"நண்பர்களே, இந்த ஆய்வகத்துல நான் நாப்பத்தாறு வருஷம் இருக்கேன். இத்தனை வருஷத்துல ஒரு குடுவையைக்கூட உடைச்சதில்ல. ஏன்? தொட்டதில்ல. தொடறதுக்கு ஆள் இருக்கும்போது தொடறவன் தலைவன் இல்ல." கைதட்டல் எழுந்தது. "சுர்மதோலைத் தேடி நான் போகல. அதுவா வந்துச்சு. தீர்மானத்துல போட்ட தேதிக்கு எட்டு மாசம் முன்னாடியே வந்துச்சு. இந்த ஒழுக்கம் இன்னைக்கு வர்ற சேர்மங்கள்கிட்ட இருக்கா? எனக்கு முன்னாடி தலைவரா இருந்தவரு பேருல ஒரு சேர்மம் இருக்கு. அது படிகமாகும், உருகும், எல்லாத்துக்கும் வளைஞ்சு கொடுக்கும். என்னுது எதுக்கும் மசியல!"

மீண்டும் கைதட்டல். அவருக்குப் பின்னால், வாயிற்சுவரில் பதிப்பதற்காகச் சுர்மதோல் என்று பொன்னெழுத்தில் செதுக்கப்பட்ட பளிங்குக்கல் பூமாலையோடு சாய்ந்து நின்றது. நெக்மத் எழுந்து, கோக்தாஷ் சரிவை வேலியிடும் தீர்மானத்தை வாசித்து, ஆதரிப்போர் கை உயர்த்தலாம் என்றார். இருபத்து மூன்று கைகள் மேசையைவிட்டுக் கிளம்பின.

"தோம்லா!" என்று, ஆசானை விளிக்கும் சொல்லால் தலைவரை அழைத்தார் ஹோசியத். "அதுக்கு முன்னாடி மூலப்பொருள் மாதிரியை மன்றத்துக்குக் காட்டணும். விதியில இருக்கு."

கைகள் பாதியில் நின்றன. அப்படியொரு விதி இருந்ததை நெக்மத் மறுக்கவில்லை. அது அவரே இயற்றியது. ஹோசியத் துர்திகுலை முன்னே நகர்த்தினார்.

"எண் 614. முழுத்தாவரம். கோக்தாஷ்."

"நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்றார் துர்திகுல்.

"மாதிரி பேசக்கூடாது" என்றது ஒரு குரல். எல்லோரும் நெக்மத்தைப் பார்த்தனர். அவர் கண்களை மூடி விதிகளைப் புரட்டினார். "மாதிரியோட நிறம், மணம், சுவை இதெல்லாம் மன்றம் ஆராயலாம்னு இருக்கு. ஒலியைப் பத்தி ஒண்ணும் சொல்லல. தடையும் இல்ல."

துர்திகுல் தொண்டையைச் செருமினார். "எங்கிட்ட அறுபத்து மூணு ஆடு இருக்குங்க. அந்தச் சரிவு மட்டும்தான் அதுங்களுக்கு. நீங்க தேடறது அங்க இல்ல. இதோ, இதுல இருக்கு." அவர் விறைத்த குழாயை மேசைமேல் வைத்தார். அது காய்ந்த கட்டைபோல் மோதி ஒலித்தது. "நான் கொடுத்தப்ப மெத்துனு இருந்துச்சு. நீங்க அதுக்குள்ள இருந்ததை உறிஞ்சிட்டு, செடியிலேருந்து வந்துச்சுன்னு நெனச்சுட்டீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. யாரும் நெனைப்பாங்க."

யாரும் தவறாக எடுத்துக்கொள்வதற்குள் ஹோசியத் சன்னல் திரைகளை இழுத்து மூடி, புற ஊதா விளக்கை ஏற்றித் தகட்டைப் பிடித்தார். இடப்புறத் தடத்தில் சுர்மதோலின் கரும்புள்ளி. நடுத்தடத்தில் அதே உயரத்தில் அதே கரும்புள்ளி. வலத்தடத்தில் அவ்வுயரத்தில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குக் கீழும் மேலும் ஏழு புள்ளிகள் நீலமாக ஒளிர்ந்தன. அவைதாம் கவ்ராக் வேரின் உண்மையான சேர்மங்கள். அவற்றைப் பற்றி அன்று எவரும் கேட்கவில்லை.

"நடுவுல இருக்கறது எந்தச் செடி?" என்றார் தலைவர்.

"செடியே இல்ல, தோம்லா. குழாய் மட்டும்."

"செடி இல்லாம தாவரச் சேர்மம் எப்படி வரும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மண்டபம் இருண்டிருந்தது. முகம் தெரியாத காரணத்தால் அறிஞர்கள் சிறிது நேரம் நேர்மையாக இருந்தனர்.

"அப்பவே நெனச்சேன்" என்றது ஒரு குரல்.

"என்னோட ஆய்வுலகூட ஒண்ணு இப்படித்தான், எதுக்கும் படிகமாகல..."

"வாயை மூடுய்யா. என் பட்டமே அதுலதான் நிக்குது."

"எலியெல்லாம் சும்மாதான் இருந்துச்சு. நான்தான் எண்ணினேன்."

திரை விலக்கப்பட்டது. இருபத்து மூன்று முகங்களும் நெடுநேரமாக மௌனம் காத்தவர்களின் முகங்களாகவே இருந்தன. தலைவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசினார். "எனக்கு எழுபது வயசு. கல்லுல வெட்டியாச்சு. கல்லை என்னய்யா பண்றது?"

பளிங்குக்கல்லை மீண்டும் மலையாக்கும் வழி எவருக்கும் தெரியவில்லை. துர்திகுல் கதவருகே நின்று தொப்பியைப் பிசைந்தார். அப்போது நெக்மத் எழுந்தார். இக்கட்டான வேளைகளில் நிறுவனங்கள் தம் மேதைகளை வெளிப்படுத்துகின்றன என்பதற்கு அவர் அடுத்து ஆற்றிய உரையே சான்று.

"ஒரு சேர்மத்துக்குப் பேரு இருக்கு, அமைப்பு இருக்கு, பிறப்பிடம் இருக்கு. பேரைக் கல்லுல வெட்டிட்டோம், மாத்த முடியாது. அமைப்பைக் கடவுள் போட்டாரு, அவரும் மாத்த மாட்டாரு. பிறப்பிடத்தை மட்டும் பதிவேட்டுல பென்சில்ல எழுதியிருக்கோம். நான்தான் எழுதினேன். அழிச்சிடலாம். சுர்மதோலோட பிறப்பிடம் கவ்ராக் இல்ல, குழாய். நாம தோக்கல, நண்பர்களே. ஒரு செடியைக்கூடக் கொல்லாம சேர்மம் எடுத்திருக்கோம்!"

தலைவரின் முகத்தில் குருதி திரும்பியது. "கொல்லாம! அதை நான் ஆரம்பத்துலேருந்தே விரும்பினேன்."

"அப்ப எங்க சரிவு?" என்றார் துர்திகுல்.

"சரிவு விடுவிக்கப்படுது" என்றார் நெக்மத். கைகள் உயர்ந்தன. ஒருமனதாக.

துர்திகுல் நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை. அந்த மகிழ்ச்சியோடுதான், அடுத்து வந்த தாவரவியலாளரின் வினாக்களுக்கு அவர் விடையளித்தார். பதிவேட்டில் ஏறும் எந்தப் பிறப்பிடத்துக்கும் அழுத்தி உலர்த்திய ஒரு மாதிரியும் விவரச்சீட்டும் வேண்டும் என்பது விதி. தாவரவியலாளர் விறைத்த குழாயை வெள்ளை அட்டைமேல் வைத்து நூலால் தைத்தபடியே கேட்டார்.

"பூக்கற காலம்?"

"பூத்துப் பாத்ததில்லைங்க."

"வேற எங்கயாவது இருக்கா?"

"சந்தையில கிடைக்கும், மீட்டர் கணக்குல."

"அது வளர்ப்பினம்" என்று தாவரவியலாளர் எழுதிக்கொண்டார். "இயல்பா இருக்கற இடத்தைச் சொல்லுங்க."

"எங்க வீட்டுப் பின்னாடி. ஊத்துலேருந்து தொட்டிவரைக்கும்."

ஹோசியத் இதனைக் கேட்டிருந்தால் அவரைத் தடுத்திருப்பார். ஆனால் அவ்வேளையில் மண்டபத்தின் மறுமுனையில் நெக்மத் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். தாளின் முன்பக்கத்தில், புதிய பிறப்பிடத்தைக் கண்டறிந்தமைக்குப் பாராட்டு. பின்பக்கத்தில், அனுமதியின்றித் தாவரமில்லாமல் ஆய்வு செய்தமைக்குக் கண்டனம். இரண்டுக்கும் ஒரே கையொப்பம். மை ஊறி, பாராட்டின் நடுவே அது தலைகீழாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை நானூறு கம்பங்களோடு லாரி புறப்பட்டது. கம்பங்கள் முந்தைய நாளே ஏற்றப்பட்டுவிட்டன. ஏற்றியவற்றை ஆய்வக முற்றத்தில் இறக்க விதி இடம் தரவில்லை. கோக்தாஷ் வழியாகத்தான் போகிறது என்று ஓட்டுநர் சொன்னதால் துர்திகுல் கம்பங்களின்மேல், ஓட்டுநரின் பின்சன்னலையொட்டி ஏறி அமர்ந்தார். வழி நெடுகச் சரிவின் பசுமையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வாங்கிவைத்திருந்த ரொட்டியைப் பிய்த்து ஓட்டுநருக்கும் கொடுத்தார்.

"இந்தக் கம்பமெல்லாம் இப்ப யாருக்கு?" என்று கேட்டார்.

ஓட்டுநர் ஒரு கையால் தாளை எடுத்துப் பார்த்தார். "முகவரி மாத்தியிருக்காங்க, அண்ணே. 'ஊற்று முதல் தொட்டி வரை, பிறப்பிடப் பாதுகாப்பு வளாகம்'னு போட்டிருக்கு. பேரு துர்திகுல் வீட்டுப் பின்புறம். யாரு அது, தெரியுமா?"

துர்திகுல் கையிலிருந்த ரொட்டியை மீண்டும் மூட்டைக்குள் வைத்தார்.

ஒரு மலைச்சரிவைச் சுற்றுவதற்கென எண்ணப்பட்ட நானூறு கம்பங்களும் ஓர் ஊற்றையும் ஒரு கல்தொட்டியையும் சுற்றி ஊன்றப்பட்டன. ஒன்றையும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது ஆணை. அதனால் கம்பங்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றன. இடையில் இரண்டு விரல் நுழையும் இடைவெளிதான் இருந்தது. சரிவு முழுவதும் விடுதலை பெற்றிருந்தது. ஆடுகள் நாள் முழுவதும் மேய்ந்துவிட்டு மாலையில் வந்து கம்பங்களில் முகத்தை வைத்து உள்ளே பார்த்துக் கத்தின. அடுத்த தண்ணீர் ஆற்றில் இருந்தது. ஆறு அரைநாள் தொலைவில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை துர்திகுல் சந்தைக்குப் போய்ப் பன்னிரண்டு மீட்டர் புதுக்குழாய் வாங்கி வந்தார். ஒரு முனையைக் கம்பங்களுக்கிடையே செருகி ஊற்றுக்குள் இறக்கினார். மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, சரிவின் அடிவாரத்தில் வைத்த வாளியில் விட்டார். தண்ணீர் வந்தது. ஆடுகள் முண்டியடித்துக்கொண்டு வரிசைக்கு வந்தன.

வளாகத்துக்கென நியமிக்கப்பட்ட காவலர், ஓய்வுபெற்ற காவல்துறை ஊழியர், நல்லவர். அவர் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அண்ணே, இதை நான் அளக்கணுமே."

"அளந்துக்க."

அளவுநாடாவின் மறுமுனையைத் துர்திகுல் பிடித்துக்கொண்டார். காவலர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, எழுதாமல் நின்றார்.

"வெளிய உருவிட்டீங்கன்னா நான் ஒண்ணும் பாக்கல. எழுதவும் மாட்டேன். எழுதினேன்னா அவங்க சும்மா இருக்க மாட்டாங்க, உங்களுக்கே தெரியும்."

துர்திகுல் திரும்பிப் பார்த்தார். இருபத்து இரண்டு ஆடுகள் குடித்துவிட்டு ஒதுங்கியிருந்தன. வரிசையில் இன்னும் நாற்பத்தொன்று நின்றன.

"எழுதிக்க" என்றார்.

காவலர் எழுதினார்: "இரண்டாம் நாள். இனம் உயிருடன் உள்ளது. பன்னிரண்டு மீட்டர் நீளமுள்ள புதிய தண்டு ஒன்று வேலியைக் கடந்து மலைச்சரிவை நோக்கி வளர்ந்துள்ளது. பாதுகாப்பு எல்லையை அத்திசையில் விரிவாக்கப் பரிந்துரைக்கிறேன்."